எல் கேப்பிட்டன் சுவரில் ஸ்ட்ரீட் வியூ: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மெர்செட் ஆற்றங்கரைப் புல்வெளிக்கு மேலே ஏறக்குறைய 900 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் கிரானைட் சுவர் எல் கேப்பிட்டன். காரின் தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிய கூகுள் ஸ்ட்ரீட் வியூ, முதன்முதலாகச் செங்குத்தாக மேலேறியது இந்தச் சுவரில்தான். 2015 ஜூன் மாதம் படங்கள் வெளியாயின. லின் ஹில், அலெக்ஸ் ஹொனோல்ட், டாமி கால்டுவெல் என்று இந்தப் பாறையின் வரலாற்றில் பெயர் பதித்த மூவர் படங்களுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா கீழே போய்விடாமல் தாங்கியதும் ஏறுபவர்கள் தங்கள் உயிரை நம்பி மாட்டும் அதே கயிறுகளும், விரிசலுக்குள் செருகினால் விரிந்து இறுகிக்கொள்ளும் கேம் கருவிகளும்தான். கட்டணம் கிடையாது, கணினியும் ஓரளவு வேகமான இணைப்பும் போதும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பெரிய சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ள இணையத்தில் இதற்கு இணையாக வேறொன்றை எளிதில் காட்ட முடியாது. விரிசல் எங்கே தொடங்கி எங்கே மூடுகிறது, திட்டு எவ்வளவு அகலம், கயிறு எந்தப் பக்கம் உராயும் என்பதெல்லாம் கை எட்டும் தூரத்தில் தெரியும். ஏறுவது எப்படி இருக்கும் என்ற உணர்வைத் தேடி வருபவருக்குத்தான் ஏமாற்றம். இது இடங்களின் தொகுப்பு. ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு உடல் எப்படிப் போனது என்பது இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. அந்த நடுப்பகுதியை நாமே நிரப்பிக்கொண்டால்தான் பார்த்த பலன் கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும்.

படத்தைக் கண்டுபிடிப்பது

பலர் தோற்றுப்போவது இங்கேதான். கூகுள் மேப்ஸில் எல் கேப்பிட்டன் என்று தேடினால் வரைபடம் மலையின் உச்சிக்குப் போய் நிற்கும். அங்கே, ஸ்ட்ரீட் வியூவைத் திறக்கும் மஞ்சள் பொம்மையைப் போட்டால், பின்பக்கப் பாதை வழியாக நடந்து வந்தவர்கள் எடுத்த படங்கள்தான் திறக்கும். பைன் மரமும் வானமும் தெரியும், சுவர் தெரியாது. பொம்மையை உச்சிக்குத் தெற்கே, பாறை விளிம்பு முடிந்து சரிவு தொடங்கும் கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தென்மேற்கு முகமும் தென்கிழக்கு முகமும் கப்பலின் முன்முனைபோலச் சந்திக்கும் அந்த மூக்குதான் 'நோஸ்' என்ற தடம். படம் திறந்ததும் எடுத்தவர் பெயரைப் பாருங்கள். கூகுள் என்று இருந்தால் சரியான தொகுப்பு. தனிநபர் பெயர் இருந்தால் அது யாரோ பதிவேற்றிய ஒற்றைப் படம். நல்லதாகவே இருந்தாலும் அடுத்த படத்துக்கு அதிலிருந்து வழி இருக்காது.

அடுத்த தொல்லை வரைபடத்தின் இயல்பிலேயே இருக்கிறது. வரைபடத்துக்கு உயரம் தெரியாது. நேராக எழும் சுவரின் படங்களெல்லாம் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றின் தலையில் ஒன்றாக, மிகக் குறுகிய இடத்துக்குள் குவிந்துவிடுகின்றன. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினால் 200 மீட்டர் கீழே போய்விடுவீர்கள். அதனால் ஒரு படம் கிடைத்துவிட்டால் அதற்குள் தெரியும் அம்புக்குறிகளைப் பிடித்தே நகருங்கள், வரைபடத்துக்குத் திரும்பாதீர்கள். நல்ல படம் வந்ததும் இணைப்பைச் சேமித்துவிடுங்கள். ஒரு குறிப்பேட்டில் கீழிருந்து மேலாகப் பத்துப் பதினைந்து இணைப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை தேட வேண்டாம்.

அந்த இணைப்பிலேயே இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குப் பிறகு காற்புள்ளியிட்டு வரும் சிறு எண்களைக் கவனியுங்கள். ஒய் என்ற ஆங்கில எழுத்துக்கு முன்னால் இருப்பது பார்வைக் கோணம். ஹெச்சுக்கு முன்னால் இருப்பது திசை. டி எழுத்துக்கு முன்னால் இருப்பது மேலும் கீழும் சாய்வு: 90 என்றால் அடிவானத்தை நேராகப் பார்ப்பது, கூடினால் அண்ணாந்து பார்ப்பது, குறைந்தால் குனிந்து பார்ப்பது. மவுஸால் இழுத்துக்கொண்டே இருப்பதைவிட எண்ணை மாற்றி எழுதித் திறப்பது துல்லியம். குறிப்பாகப் பார்வைக் கோணத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 75 பாகையில்தான் திறக்கும். அத்தனை அகலத்தில் அருகிலிருக்கும் பாறை வீங்கியும் கீழே இருக்கும் தரை இன்னும் தூரமாகவும் தோன்றும். 40-க்குக் குறைத்தால் மடிக்கணினித் திரையில் கண்ணுக்கு இயல்பான அளவு வந்துவிடும். விரிசலைப் படிக்க 20 வரைகூடப் போகலாம்.

பெரிதாக்கியதும் உடனே முடிவு கட்டாதீர்கள். படம் சிறு சிறு துண்டுகளாக இறங்குகிறது. மங்கலாகத் தெரிவது சில நொடிகளில் கூர்மையாகும். மெதுவான இணைப்பில் பார்த்துவிட்டுப் பாறை மொழுமொழுவென்று இருக்கிறது என்று சொல்பவர்கள் பார்த்தது பாதி இறங்கிய படத்தைத்தான்.

எவ்வளவு தூரம் வரை நம்பலாம்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தப் படங்களின் பலமும் பலவீனமும் ஒருசேர விளங்கிவிடும். சுற்றளவு முழுவதற்கும் 13,000 பிக்சல் உள்ள பனோரமா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகைக்கு 36 பிக்சல். கேமராவிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் பாறையில் ஒரு பாகை என்பது 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். கிரானைட்டின் படிகங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். 30 மீட்டர் தள்ளிப் போனால் ஒரு பிக்சல் ஒன்றரை சென்டிமீட்டர். பாறையில் துளையிட்டு அடித்த போல்ட்டில் கயிற்றை மாட்ட வைத்திருக்கும் 4 சென்டிமீட்டர் அகலத் தகடு (போல்ட் ஹேங்கர்) அங்கே மூன்று பிக்சல் புள்ளி. அது போல்ட்டா, பறவை எச்சமா என்று சொல்ல முடியாது. 500 மீட்டர் கீழே ஒரு பிக்சல் கால் மீட்டர். புல்வெளியில் நிற்கும் மனிதர் அநேகமாக மறைந்தே போவார்.

ஆகவே கேமரா நின்ற இடத்திலிருந்து ஐந்தாறு மீட்டருக்குள் தெரிவதை நம்பிப் படிக்கலாம். அதற்கு மேலே வழியின் போக்கைப் பார்க்கலாம், பிடிகளைத் தேடக் கூடாது. முழுச் சுவரையும் ஒரே பார்வையில், அதுவும் விரிசல் விரிசலாகப் பார்க்க வேண்டுமென்றால், எதிர்ப்பக்கமிருந்து தொலைநோக்கு லென்ஸில் எடுத்து ஒட்டிய, நூறு கோடி பிக்சலுக்குக் குறையாத கிகாபிக்சல் படங்கள்தான் சரி. 2008 மே மாதம் 20 புகைப்படக் குழுக்கள் பள்ளத்தாக்கின் இருபுறமும் பரவி நின்று, ஒரே வேளையில் சுவர்கள் அனைத்தையும் அப்படிப் படமெடுத்தன. பாறை சரிவுகளை ஆராய்பவர்களுக்கு, சரிவதற்கு முன்னால் சுவர் எப்படி இருந்தது என்பதற்கான பதிவு அது. ஸ்ட்ரீட் வியூ உள்ளே நின்று பார்ப்பது. கிகாபிக்சல் வெளியே நின்று பார்ப்பது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாறையின் சாய்வைப் படிப்பது

பனோரமாவில் மிக எளிதாக ஏமாற்றுவது சாய்வு. திரையில் எல்லாச் சுவரும் செங்குத்தாகவே தெரியும். நோஸ் தடத்தின் கீழ்ப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த பாறை, மேற்பகுதி நிமிர்ந்தும் இடையிடையே முன்னோக்கித் துருத்தியும் இருப்பது. படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: கயிற்றைப் பாருங்கள். தொங்கும் கயிறு கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல்தான். பாறையைத் தொட்டு வளைந்து படுத்திருந்தால் சுவர் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மெல்லத் தொட்டும் தொடாமலும் போனால் கிட்டத்தட்டச் செங்குத்து. பாறைக்கும் கயிற்றுக்கும் நடுவே நிழல் விழுந்து, அந்த நிழல் கீழே போகப்போகக் கயிற்றிலிருந்து விலகினால் சுவர் தலைக்கு மேலே துருத்துகிறது. சுமைப்பை தொங்கும் விதமும் இதையே சொல்லும்: பாறையோடு ஒட்டிச் சாய்ந்திருக்கிறதா, காற்றில் சுழலும்படி விலகியிருக்கிறதா? டி எண்ணை 30-க்கு இறக்கிக் கீழே பார்த்தால் கயிறு முழுவதும் தெரியும். ஒரு படத்தில் இதைச் செய்து பழகிவிட்டால் பிறகு கண் தானாகவே கயிற்றைத்தான் முதலில் தேடும்.

அளவுக்கும் இதே மாதிரி உருப்படிகள் இருக்கின்றன. ஏறும் கயிறு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பு. கயிற்றை மாட்டும் உலோக வளையமான கேரபினர் ஒரு சாண் அல்ல, அதில் பாதி: 10 சென்டிமீட்டர். விரிசலுக்குள் கேம் செருகியிருப்பது தெரிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். பிளாக் டயமண்ட் நிறுவனத்தின் கேம்களில் சிவப்பு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிமீட்டர் விரிசலுக்கு, மஞ்சள் 37 முதல் 65 வரை, நீலம் 50 முதல் 88 வரை. மஞ்சள் உட்காரும் விரிசலில் சராசரிக் கை முழுவதும் நுழைந்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்தால் இறுகிக்கொள்ளும். ஏறுபவர்கள் விரும்பும் அளவு அது. சிவப்பில் பெரிய கை திணறும். விரலைவிடக் குறுகிய விரிசலுக்கு வந்தால் கதையே வேறு.

கை வழுக்காமலிருக்க ஏறுபவர்கள் பூசிக்கொள்ளும் மக்னீசியத் தூளின் வெள்ளைத் தடயமும் தகவல்தான். விரிசலின் விளிம்பெல்லாம் பரவலாக வெளுத்திருந்தால் பலர் கை நுழைத்த இடம். வெறும் பாறையில் விரல்நுனி அளவுக்குத் தனித்தனிப் பொட்டுகள் தெரிந்தால், அங்கே யாரோ கையால் மட்டுமே ஏறியிருக்கிறார்கள்.

நோஸ்: நிற்க வேண்டிய இடங்கள்

நோஸ் தடம் மொத்தம் 31 பிட்ச். ஒரு பிட்ச் என்பது ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி அடுத்த நிறுத்தத்தை அடையும் தூரம். கருவிகளைப் பிடித்துத் தொங்கி ஏறுபவர்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் சுவரிலேயே தூங்கி எழுகிறார்கள். கைகால் மட்டுமே வைத்து, கயிற்றை விழுந்தால் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு ஏறினால் இதே தடம், ஏறுதலின் கடினத்தை அளக்கும் அமெரிக்கத் தரவரிசையில், 5.14ஏ கடினம். இந்த இரண்டு முறைகளின் வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஒவ்வொரு படமும் பேசும்.

முதல் நான்கு பிட்ச் முடிந்து வரும் சிக்கிள் திட்டில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அதற்கு மேலே, டோல்ட் டவர் என்ற திட்டு வரை நீளும் ஸ்டோவ்லெக் (அடுப்புக்கால்) விரிசல்களில் நிதானமாக நில்லுங்கள். பெயரின் காரணம் விரிசலின் அகலத்திலேயே இருக்கிறது. 1957 ஜூலையில், இந்தத் தடத்தை முதன்முதலாக ஏறிய வாரன் ஹார்டிங்கின் குழு இங்கே வந்தபோது, விரிசலில் அடித்து இறக்கும் பிட்டான் ஆணிகளில் அன்றிருந்த எதுவும் இந்த அகலத்தை நிறைக்கவில்லை. குப்பைமேட்டில் கிடைத்த பழைய அடுப்புகளின் கால்களை அறுத்து ஆணியாக்கி அடித்து ஏறினார்கள். கேம் கருவிகள் கடைக்கு வந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1978-இல். இன்று பார்த்தால் பாறை வெட்டிவைத்ததுபோல நேரான, ஒரே சீரான பிளவு. மஞ்சளும் நீலமும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். சீராக இருப்பதுதான் சிக்கலும்கூட: ஒரே அளவு கேம் பல வேண்டும், அல்லது போட்டதை எடுத்து மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இதைப் படத்தில் விரிசலைக் கண்ணால் தொடர்ந்து போகும்போதே கணித்துவிடலாம்.

அடுத்து எல் கேப் டவர். ஐந்தாறு பேர் படுக்கும் அளவுக்குத் தட்டையான திட்டு. அதன் மேலே சுவரிலிருந்து பிரிந்து நிற்கும் பெரிய பலகைதான் டெக்சஸ் ஃபிளேக். ஹொனோல்ட் இங்கே பலகைக்கும் சுவருக்கும் இடையே முதுகை ஒரு பக்கமும் பாதத்தை மறுபக்கமும் அழுத்தி ஏறுவதைப் பாருங்கள். இந்தத் தொகுப்பில் உடலின் வேலை முழுசாகப் புரியும் படம் அதுதான். இழுத்துப் பிடிக்க எதுவுமே இல்லை, எதிரெதிராகத் தள்ளுவதுதான் பிடி. டி எண்ணைக் குறைத்துக் கீழே பாருங்கள். பாதுகாப்புக்கு எங்கே எதை மாட்டுவது என்று தேடுங்கள். புகைபோக்கி போன்ற இந்த இடுக்குக்குள் கேம் உட்காரும் அளவு எங்கும் கிடையாது. அங்கே அடித்திருக்கும் போல்ட்டைத் தவறவிட்டவர் விழுந்தால் பலகையின் அடி வரை போவார்.

டெக்சஸ் ஃபிளேக்கின் உச்சியிலிருந்து, வரிசையாக அடித்த போல்ட்டுகளான போல்ட் ஏணி வழியாக பூட் ஃபிளேக். பூட்ஸ் வடிவப் பலகை. அதன் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, சுவரின் மேல் பக்கவாட்டில் ஓடி ஊசலாடி இடப்பக்கத் திட்டைப் பிடிப்பதுதான் கிங் ஸ்விங். இங்கே ஸ்ட்ரீட் வியூ தோற்கிறது என்றே சொல்ல வேண்டும். ஊஞ்சலை நின்றபடி எடுத்த படத்தில் காட்ட வழியே இல்லை. நாம் செய்யக்கூடியது ஒன்று: பூட் ஃபிளேக் பக்கத்துப் படத்தில் இடப்பக்கம் திரும்பி, எட்ட வேண்டிய ஈகிள் திட்டு மூலைக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் கவனிப்பது. கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கி ஓட வேண்டும் என்பது புரிந்தால் பலர் ஏன் மூன்று நான்கு முறை முயன்று களைத்துப்போகிறார்கள் என்பதும் புரியும். கயிற்றைக் குறைவாக இறக்கிவிட்டால் வீச்சு போதாது. இதுதான் வழக்கமான தவறு.

22-ஆவது பிட்ச்சில் கிரேட் ரூஃப். பள்ளத்தாக்குத் தரையிலிருந்தே தெரியும் அந்த வளைந்த கூரை, அருகில் போனால் ஒரு வீட்டின் இறவாணம்போலத் தலைக்கு மேலே வெளியே நீள்கிறது. கூரையும் சுவரும் சேரும் கோட்டில் விரல்நுனி மட்டும் நுழையும் மெல்லிய பிளவு. அதைக் கீழிருந்து மேலாகப் பிடித்து, கால்களை வழுவழுப்பான சுவரில் அழுத்தி வலப்பக்கம் நகர வேண்டும். கால்டுவெல் போன்ற பெரிய ஏறுநர்கள் பிற்பாடு செய்த இதை, 1993-இல் முதன்முதலாகச் செய்தவர் லின் ஹில். நோஸ் முழுவதையும் கைகால் மட்டுமே வைத்து முதலில் ஏறியவரும் அவர்தான். மறு ஆண்டே ஒரு நாளுக்குள், 23 மணி நேரத்தில் ஏறிக் காட்டினார். ஆண் பெண் என்ற பேச்சில்லாமல் உலகிலேயே முதல் ஆள். அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக, ஒரே நாளில் அதைத் திரும்பச் செய்ய ஒருவரும் இல்லை. 2005-இல் கால்டுவெல் செய்தார். பார்வைக் கோணத்தை 20-க்குக் குறைத்து அந்தப் பிளவின் விளிம்பைப் பாருங்கள். முன்பு ஆணி அடித்து அடித்துப் பிடுங்கியதில் உண்டான சிறு தழும்புகள் பள்ளம் பள்ளமாக இருக்கும். அந்தத் தழும்புகளே இன்று விரல் நுழையும் இடங்கள்.

பேன்கேக் ஃபிளேக், கேம்ப் 5, கேம்ப் 6 தாண்டி 27-ஆவது பிட்ச் சேஞ்சிங் கார்னர்ஸ். ஒரு மூலை தேய்ந்து மறைந்துவிட, வலப்பக்க விளிம்பைச் சுற்றி அடுத்த மூலைக்கு மாற வேண்டும். தடத்தின் மிகக் கடினமான இடம், 5.14ஏ. இரண்டு சுவர்கள் புத்தகம் திறந்ததுபோல நிற்கின்றன, பிடி என்று சொல்ல எதுவுமில்லை. லின் ஹில் இங்கே உள்ளங்கைகளாலும் பாதங்களாலும் இருபுறமும் அழுத்தியபடி மூலைக்குள் உடலையே திருப்பினார். நாட்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த அசைவு. பிடியைத் தேடிப் பார்த்தால் படத்தில் ஒன்றும் கிடைக்காது. இரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாருங்கள்.

டான் வால்

நோஸுக்கு வலப்பக்கம், காலை வெயில் முதலில் விழும் முகம் டான் வால். கால்டுவெல்லும் கெவின் ஜோர்கெசனும் 2014 டிசம்பர் 27-இல் தொடங்கி 19 நாள் சுவரிலேயே தங்கி, 2015 ஜனவரி 14-இல் உச்சியை அடைந்தார்கள். 32 பிட்ச், 5.14டி வரை கடினம். கடுங்குளிர் மாதத்தில், அதுவும் பல நேரம் இரவில் தலைவிளக்கோடு ஏறியதற்குக் காரணம் உண்டு. விரல் வியர்த்தால் பிளேடு விளிம்பு போன்ற பிடிகள் வழுக்கும். பாறை குளிர்ந்திருந்தால்தான் தோலும் ரப்பரும் ஒட்டும்.

இங்கே ஸ்ட்ரீட் வியூ நோஸைவிட ஒருபடி மேலே நிற்கிறது. காரணம், இந்தச் சுவரின் சேதி அசைவில் இல்லை, பாறையின் வெறுமையில் இருக்கிறது. 14, 15-ஆவது பிட்ச்கள் பக்கவாட்டில் நகர்பவை. 15-இல் ஜோர்கெசன் பல நாள் விழுந்து விழுந்து எழுந்தார். முழு அகலத்தில் பார்த்தால் இழைத்த பலகைபோல ஒன்றுமே இல்லாத சுவர். கோணத்தைக் குறைத்துக் குறைத்துப் போனால் தூள் பொட்டுகள் தெரியத் தொடங்கும், அதன் பிறகே ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே நாணயத் தடிப்பில் ஒரு விளிம்பு. அருகில் கயிறு தெரிந்தால் அதன் 10 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல பிடிகள் கயிற்றின் தடிப்பில் பாதிகூட இல்லை. கால்டுவெல்லுக்கு இடக்கை ஆட்காட்டி விரலின் பெரும்பகுதி கிடையாது. 2001-இல் மர அறுவை இயந்திரத்தில் போய்விட்டது. அந்தக் கையோடு இந்த விளிம்புகளைப் பிடித்தார் என்பதை இந்தப் படத்தின் முன் உட்கார்ந்து யோசிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

குறைகள்

முதல் குறை தையல். பனோரமா என்பது பல படங்களை ஒட்டுவது. லென்ஸ்கள் எல்லாம் ஒரே புள்ளியில் இருந்து பார்த்தால் ஒட்டு தெரியாது. சில சென்டிமீட்டர் விலகினாலும், அருகில் இருக்கும் பொருள் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழும். தெருவில் கட்டடம் பத்து மீட்டர் தள்ளி இருப்பதால் இது பெரிதாகப் படாது. சுவரில் பாறை அரை மீட்டரில் இருக்கிறது. விளைவு: கயிறு திடீரென்று துண்டாகும், கை மணிக்கட்டோடு நின்றுவிடும், விரிசல் ஒரு விரல் அகலம் தாண்டித் தொடரும். அப்படிப்பட்ட கோட்டில் விரிசலின் அகலத்தை அளக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளி அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, உச்சியும் அடியும். மேலே நேராகவும் கீழே நேராகவும் பார்க்கும்போதுதான் ஒட்டு மிக மோசமாக இருக்கும். கேமராவைத் தாங்கிய கருவியை மறைக்க மங்கலாக்கிய வட்டமும் அங்கேதான் வரும். தெருவில் யாரும் அண்ணாந்தும் குனிந்தும் பார்ப்பதில்லை. சுவரில் பார்க்க வேண்டியதே அந்த இரண்டு திசைகள். இந்தத் தொகுப்பின்மீது எங்களுக்குள்ள மிகப் பெரிய வருத்தம் இதுதான்.

விளக்கக் குறிப்புகள் போதாமையும் உண்டு. எந்தப் பிட்ச்சில் நிற்கிறோம் என்று படம் சொல்லாது. ஏறுபவர்கள் பயன்படுத்தும் கோட்டுப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது கட்டாயம். இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

தலையில் மாட்டும் விஆர் கருவியில் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உயரத்தின் கிலி கூடும், படிப்பு குறையும். இவை ஒற்றைக் கண் படங்கள். இடது வலது கண்ணுக்குத் தனித்தனிக் காட்சி கிடையாது. அரை மீட்டர் பாறையும் அரை கிலோமீட்டர் தரையும் ஒரே குவிமாடத்தில் வரைந்த சித்திரம்போலத் தெரியும். விளிம்பில் நிற்பது பிடிக்காதவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். கைப்பேசியைவிட 15 அங்குலத் திரையே நல்லது.

கூகுள் எர்த்தின் முப்பரிமாண வடிவத்தையும் கூடவே திறந்து, சுவரின் முன்னால் பறப்பதுபோல ஒருமுறை கீழிருந்து மேலே போய்வாருங்கள். பாறையின் நுணுக்கம் உருகிய மெழுகுபோல இருக்கும். ஆனால் டெக்சஸ் ஃபிளேக்குக்கும் கிரேட் ரூஃபுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அங்கேதான் விளங்கும். அடுத்த ஆண்டு, 2016 ஜனவரியில், கூகுள் மோன் பிளாங் மலைத்தொடரிலும் இதேபோல் படமெடுத்து வெளியிட்டது. மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் ஓடும் காட்சிகள் அதில் உண்டு. பனிமலையின் பரப்பைப் பார்க்க அது அழகு. பாறையைப் படிக்க எல் கேப்பிட்டன் தொகுப்புக்குப் பக்கத்தில் வராது.

நேரில் போய் ஏறத் திட்டமிடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. படம் நின்றுவிட்டது, பாறை நிற்கவில்லை. இந்தப் படங்கள் வெளியான சில நாளிலேயே, 2015 ஜூலைத் தொடக்கத்தில், இதே பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் வடமேற்கு முகத்தில் வழக்கமான தடத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து, ஏறும் வழியே மாறிப்போனது. எல் கேப்பிட்டனிலேயே 2017 செப்டம்பர் இறுதியில் அடுத்தடுத்துப் பாறை சரிந்து ஓர் உயிர் போனது. போல்ட்டும் நிலையாக விட்டுவைத்த கயிறும் அதே இடத்தில் இருக்கும் என்று படத்தை நம்பிப் போகாதீர்கள். சுவரில் இரவு தங்க இப்போது பூங்கா நிர்வாகத்தின் அனுமதிச்சீட்டும் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர். எல் கேப் டவர் படத்தில் தொங்கும் பைகளைப் பார்த்தால், அந்த எடை எங்கே போகிறது என்று தெரியும்.

ஒரே ஒரு மாலைதான் நேரம் என்றால் ஸ்டோவ்லெக், டெக்சஸ் ஃபிளேக், கிரேட் ரூஃப், டான் வால் ஆகிய நான்கும் போதும்; ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மிச்சமிருந்தால் நோஸின் கடைசித் துருத்தலுக்குப் போங்கள். 1958 நவம்பரில், சுவரில் மட்டும் ஏறத்தாழ 45 நாள் கழித்திருந்த நிலையில், ஹார்டிங் அங்கே இரவு முழுக்கச் சுத்தியலும் துளையாணியுமாகக் கையாலேயே 28 போல்ட் அடித்து, 12-ஆம் தேதி விடியலில் மேலே ஏறினார். கடினமான கிரானைட்டில் ஒரு துளைக்கே அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே நின்று டி எண்ணை 20-க்கு இறக்குங்கள். மங்கலான வட்டத்துக்கு ஓரமாக, விரல் நீளத்துக்கு மெர்செட் ஆறு தெரியும்.